மழை விடும்வரை கதவுகளைப் பாருங்கள்

மரவேலை: வாசகர் கேள்விகளுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்துத் தச்சர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு மொட்டைமாடிக் கொட்டகையில் மரவேலை பழகி வருகிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து எல்லாம் நின்றுபோனது. பேத்திக்காக ஆரம்பித்த எழுதுமேசை பாதியில் கிடக்கிறது. கண் மட்டும் சும்மா இருப்பதில்லை. போகிற வீட்டிலெல்லாம் கதவையும் நாற்காலியையும் தடவிப் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்ததற்கு வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். இந்தப் பழக்கத்தை விட வேண்டுமா?
(வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி)

பதில்: விடவே வேண்டாம் ஐயா. மேசையின் மேல்பக்கம் பாலிஷ்காரரின் வேலை. குனிந்து அடியில் பார்த்தால்தான் தச்சரைத் தெரிந்துகொள்ள முடியும். நீங்கள் குனிந்தது சரிதான்.

எழுதுமேசை தை வரைக்கும் அப்படியே இருக்கட்டும். காற்றில் ஈரம் ஏறும்போது மரமும் அதை வாங்கிக்கொண்டு அகலவாக்கில் உப்புகிறது. நீளவாக்கில் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. மரங்களில் அடக்கமானது என்று பெயரெடுத்த தேக்கே ஓரடிப் பலகைக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். பட்டறைக் கணக்கில் முக்கால் நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). கார்த்திகையில் இழைத்துக் கச்சிதமாகப் பொருத்தினால் சித்திரையில் சந்து விட்டுவிடும். நம் கடற்கரை ஊர்களில் அடைமழைக்குப் பட்டறை ஒதுங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பிறர் செய்த வேலையைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. வெயிலில் எல்லாக் கதவும் ஒழுங்காகத் திறக்கும். செய்தவர் மரத்தை அறிந்து செய்தாரா, அளவை மட்டும் பார்த்துச் செய்தாரா என்பது மழையில்தான் தெரியும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே வைசியாள் வீதி இருக்கிறது. மழை கொஞ்சம் ஓய்ந்ததும் குடையோடு போய் வாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண் நிறுத்தி, ஓடு வேய்ந்து இறக்கிய தாழ்வாரம், அதற்குள் திண்ணை, அதையும் தாண்டித்தான் நிலைவாசல். இத்தனை தள்ளி நிறுத்தியதால் சாரல் கதவைத் தொடுவதில்லை. அந்தக் கதவுகள் இத்தனை காலம் தாங்கியதில் தச்சருக்கு எவ்வளவு பங்கோ, அந்தத் தாழ்வாரத்துக்கும் அவ்வளவு பங்கு. இன்றைய வீடுகளில் வாசலுக்கு மேல் ஒன்றரை அடி சிமென்ட் பலகை நீட்டிவிட்டு, கதவு கெட்டுப்போனதற்குத் தச்சரைக் குறை சொல்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கதவுச் சட்டங்கள் மூலையில் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். ஒரு சட்டத்தின் முனையை நாக்குபோல் சீவி மற்றதன் துளையில் செருகியிருப்பார்கள், அதுதான் கழுந்து. அதை இறுக்குவதற்காக ஊடே அடித்த மூங்கில் ஆணியின் தலை விரலில் தட்டுப்படும். அடித்த அன்று அதைச் சட்டத்தோடு மட்டமாகச் சீவிவிட்டிருப்பார்கள். வருஷக்கணக்கில் சட்டம் காய்ந்து கனம் குறைந்தது. ஆணிக்கு அது நீளவாக்கு என்பதால் குறையவில்லை. தலை கடுகளவு வெளியே வந்துவிட்டது. அதே இடத்தைப் பங்குனியில் ஒரு தரம், கார்த்திகையில் ஒரு தரம் தடவுங்கள். மழையில் சட்டம் உப்பி அந்தத் தலையை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். கையால் உணர்ந்த பிறகு இதை யாரும் மறப்பதில்லை.

சட்டத்துக்கு நடுவில் உள்ள பலகையையும் பாருங்கள். அதில் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. சட்டத்தில் நான்கு பக்கமும் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துச் செருகி, அசைய இடம் விட்டிருப்பார்கள். கோடையில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் வர்ணம் படாத மரம் கோடாகத் தெரியும். மழையில் அந்தக் கோடு மறைந்துவிடும். சட்டம் நகராது, கதவு பிடிக்காது. உங்கள் எழுதுமேசையின் மேல்பலகைக்கும் இந்த வித்தைதான் வேண்டும். சட்டத்தோடு ஒட்டிவிடாதீர்கள், சின்னக் கட்டைகளால் பிடித்து, பலகை நகர வழி விடுங்கள்.

பெரிய மார்க்கெட் பக்கம் போனால் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து நாட்குறிப்பு எழுதியவரின் வீடு. கீழே முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், நம் ஊர் முறை. மேல்தளத்தில் கட்டுமானத் தூண்கள், பிரெஞ்சு முறை. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்தபோதும் தப்பிய வீடுகளில் ஒன்று. உள்ளே போக வாய்த்தால் மரத்தூண் உத்தரத்தைச் சந்திக்கும் இடத்தை நிதானமாகப் பாருங்கள்.

மாளிகைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. டீக்கடை பெஞ்சின் கால், பலகையைத் துளைத்து மேலே வந்து நிற்கும். அதன் தலையில் ஓர் ஆப்பு. ஆப்பு பலகையின் ரேகைக்குக் குறுக்காக இருந்தால் செய்தவர் தொழில் தெரிந்தவர். ரேகையோடு இருந்தால் பலகை ஒருநாள் பிளக்கும். டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

கேள்வி: மழையில் வாசல்கதவு பிடிக்கிறது. மேலும் கீழும் சீவிவிடலாமா?
(வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: இப்போது சீவாதீர்கள் அம்மா. சீவினால் மாசியில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். முதலில் கீல் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு இந்த மாதங்களைக் கடத்துங்கள். நன்றாக வெயில் காய்ந்த பிறகும் பிடித்தால் அப்போது சீவலாம். கதவின் தலைப்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வர்ணம் அடித்தார்களா என்று கையைவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அடித்திருக்க மாட்டார்கள். மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது அறுபட்ட அந்த முனைகளில்தான்.

கேள்வி: பாட்டி வீட்டை இடிக்கிறோம். பழைய நிலையையும் கதவையும் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(வாசகர், பரங்கிப்பேட்டை)

பதில்: கொடுக்காதீர்கள். அந்த அகலத்தில் வைரம் பாய்ந்த பர்மாத் தேக்கை இனி எந்த மரக்கடையிலும் வாங்க முடியாது. புது வீட்டின் வாசலை அந்த நிலையின் அளவுக்குக் கட்டச் சொல்லுங்கள். உயரம் குறைவு என்று கொத்தனார் முணுமுணுப்பார், கேட்காதீர்கள்.

கேள்வி: புதுச்சேரியில் கட்டடக்கலை படிக்கிறேன். ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கான்கிரீட்டைத்தான் சொல்கிறார்கள். அதில் மரவேலைக்காரர் பார்க்க ஏதாவது உண்டா?
(மாணவி, லாஸ்பேட்டை)

பதில்: உலகப் புகழ்பெற்ற மரவேலைக் கலைஞர் ஒருவரின் தொடக்கமே அங்கேதான் இருக்கிறது! கட்டடத்தை வடிவமைத்தவர் ஆண்டனின் ரேமண்ட். அவர் அலுவலகத்திலிருந்து வேலையை மேற்பார்க்க 1937இல் புதுச்சேரிக்கு வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சத்தவர். இங்கே ஆசிரமவாசியாகவே ஆனார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் வைத்தார். 1939இல் கிளம்பிப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சத்தவரை முகாமில் அடைத்தது. அந்த முகாமில், ஜப்பானிய முறையில் தேர்ந்த தச்சர் ஒருவரிடம் உட்கார்ந்து கைவேலை கற்றார். பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை போட்டு, 1990இல் இறக்கும்வரை அந்தத் தொழிலிலேயே இருந்தார். பலகையில் விரிசல் இருந்தால் அவர் அதை மக்கு வைத்து மறைக்க மாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் கட்டை வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே பதித்து, அது மேலும் ஓடாமல் பிடித்து நிறுத்துவார். விரிசல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியே இருக்கும். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

தெருவிலிருந்து பார்த்தால் திறந்து மூடும் கிடைப்பலகைகள் தெரியும். அவை சிமென்ட் கலவையில் செய்தவை. மரவேலை உள்ளே. அறைகளுக்குத் தேக்கில் செய்த நகர்கதவுகள். சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். கதவைச் சாத்தினாலும் காற்று சட்டங்களுக்கு இடையே நெளிந்து வந்துவிடும், பார்வை நுழையாது. புழுக்கத்தையும் மழையையும் ஒன்றாகச் சமாளிக்க வேண்டிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதவை நான் அறியேன். அது ஆசிரமத்தவர் தங்கும் இடம், முன் அனுமதி வாங்காமல் போகாதீர்கள். போனால் கதவை வரைந்துகொண்டு வாருங்கள். போட்டோவில் மூட்டு விளங்காது.

கேள்வி: என் மகன் டொரன்டோவில் இருக்கிறான். அங்கேயும் இப்போது மரவேலை நின்றுவிடுமாம், பனியால். இரண்டும் ஒன்றுதானா?
(வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: நேர் எதிர். அங்கே கார் நிறுத்தும் கொட்டகையில்தான் பலரும் வேலை செய்கிறார்கள். குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது, சுண்ணாம்புபோல் பொடிந்துவிடும். வீட்டுக்குள்ளோ சூடேற்றுவதால் காற்று வறண்டு, மரம் குளிர்காலத்தில் சுருங்கும். இங்கே நம் கதவு உப்பும் அதே மார்கழியில் அங்கே மேசையில் விரிசல் விடும். நீங்கள் இங்கிருந்து மரச்சாமான் அனுப்புவதாக இருந்தால், நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்ததையே அனுப்புங்கள்.

கேள்வி: ஸ்பிரிட் பாலிஷ் போட்ட நாற்காலி மறுநாளே வெளுத்துவிட்டது.
(வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அரக்கில் இறங்கிவிடுகிறது. வெயில் வரட்டும். அப்போது ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் ஒரு கை ஓட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழையில் மறுபடி பூசாதீர்கள்.

கேள்வி: புயல் காற்றில் தோட்டத்துப் பலா மரம் சாய்ந்துவிட்டது. அப்பா நட்டது. விறகுக்குப் போட மனம் வரவில்லை.
(வாசகர், பண்ருட்டி)

பதில்: போடாதீர்கள். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் சாய்ந்த பலாவுக்கும் முந்திரிக்கும் கணக்கே இல்லை. அவற்றில் எத்தனையோ நல்ல மரம் அடுப்புக்குப் போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தேடி வந்து வாங்கும் மரம் அது.

பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். அறுத்த அன்றே பலகைகளின் இரு முனைகளிலும் வர்ணமோ மெழுகோ பூசுங்கள். இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிக்கும். நிழலில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, பலகைக்குப் பலகை ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்; தப்பினால் பலகை கோணும். ஓரங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருங்கள். ஓரத்திலுள்ள வெளிறிய பகுதியை வண்டு துளைக்கும், அதைக் கழித்துவிடுங்கள். உள்ளே மஞ்சளாக இருக்கும் வைரம் நாளாக ஆகச் செம்பழுப்பாகும். அப்பா பெயரில் முதலில் ஒரு ஊஞ்சல் பலகை செய்யுங்கள். அதற்கு மூட்டு வேண்டாம், பலகை முழு அகலத்தில் நிற்கும்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. உளிகள் துருப்பிடிக்கின்றன.
(வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: உப்புக்காற்றும் மழையும் சேர்ந்தால் ஒரே இரவு போதும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தினமும் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை வைத்துக்கொள்ளும். இப்போதே பிடித்துவிட்ட துருவை நுண்ணிய உப்புத்தாளில் எண்ணெய் விட்டுத் தேய்த்து எடுங்கள். உளியின் முகத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். அங்கே குழி விழுந்தால் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.