காளான் நஞ்சு வழக்கு: குற்றவாளி என்ற பிறகும் ஏன் உடனே தண்டனை இல்லை? நம் இலங்கையில் என்றால்?

2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து லியோங்காதாவில், ஒரு பெண் கொடுத்த விருந்தில் நச்சுக் காளான் கலந்திருந்தது. கணவர் வழி உறவினர் மூவர் இறந்தனர், ஒருவர் பிழைத்தார். 2025 ஜூலை 7இல் ஜூரி (பொதுமக்களில் இருந்து தெரிவான நடுவர் குழு) அவரைக் குற்றவாளி என்றது, தண்டனை அன்று வரவில்லை. தோட்ட லயத்து வாசலிலும் டவுன் தேநீர்க் கடையிலும் "அன்றைக்கே தூக்கில் போட்டிருக்க வேண்டாமா?" என்ற கேள்வி அதனால்தான்.

விக்டோரியாவில் மரண தண்டனை 1975இலேயே ஒழிந்தது. ஜூரி குற்றத்தை மட்டும் தீர்மானிக்கும். பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களைத் தனி நாளில் கேட்ட பிறகே நீதிபதி தண்டனையை அளவிடுவார். செப்டம்பர் 8இல் ஆயுள் தண்டனை வந்தது. 33 ஆண்டுகள் கழியாமல் பரோல் (நிபந்தனையுடன் முன்கூட்டிய விடுதலை) கேட்க முடியாது.

"ஏன் செய்தாள்?" என்பதற்கு விடையில்லை என்று பலர் குமைகிறார்கள். செய்ததற்கான காரணத்தை நிரூபிப்பது சட்டத் தேவை அல்ல. கொல்லும் அல்லது கடும் காயம் விளைவிக்கும் எண்ணம் இருந்ததா என்பதுதான் தேவை. ஜூரியும் தன் தீர்ப்புக்குக் காரணம் சொல்லாது.

இதே வழக்கு நுவரெலியா மேல் நீதிமன்றத்தில் நடந்திருந்தால், பெரும்பாலும் ஜூரி இல்லாமல் நீதிபதியே தீர்ப்பளித்திருப்பார். தண்டனைச் சட்டக் கோவையின் 296ஆம் பிரிவில் கொலைக்கு மரண தண்டனைதான், குறைக்க அவருக்கு இடமில்லை. ஆகவே அன்றே அறிவிப்பார். ஆனால் 1976க்குப் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. மேன்முறையீட்டுக்கு 14 நாள் உண்டு. சிறையில் இருப்பவர் அதைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். வழக்கு சிங்களத்தில் நடந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உரிமை, சலுகையல்ல.