ஏங்கி ஏங்கிப் பெற்ற ஒன்று, கைக்கு வந்ததும் ஏன் சலித்துப் போகிறது?

ஆண்டுக்கணக்கில் ஆசைப்பட்டு வாங்கிய வீடு ஆறே மாதத்தில் சலித்துவிட்டது என்றும், இப்போது வெளிநாட்டு வேலைக்கு மனம் ஏங்குகிறது என்றும் எழுதி, முதல் ஆசை பொய்யா, இரண்டாவதும் அப்படித்தான் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் ஆசை பொய் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றை வேண்டுவதும் அதை அனுபவிப்பதும் மனத்தின் ஒரே வேலை என்று நாம் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கல்லூரி முடித்த பின் ஆறு ஆண்டுகள் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படித்தேன். மாவட்ட மைய நூலகத்தின் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் காத்து நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். மதியம் தயிர்சாதம், மாலையில் வேப்பமரத்தடியில் நான்கைந்து பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வினாக் கேட்டு மடக்குவோம். குரூப் 4 தேர்வு முடிந்த இரவே பயிற்சி மையங்கள் வெளியிடும் விடைக்குறிப்பை வைத்து மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்போம். கட்-ஆஃப் எட்டாது என்று கூட்டல் தெளிவாகச் சொன்ன பிறகும், அதிகாரபூர்வ விடைக்குறிப்பில் மூன்று நான்கு விடைகள் மாறக்கூடும் என்று மனம் ஒரு மூலையில் தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். நடக்காது என்று அறிவுக்குத் தெரிந்தும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த விருப்பத்துக்குத்தான் நப்பாசை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏழாம் ஆண்டில் இளநிலை உதவியாளராகப் பணி நியமன ஆணை கிடைத்தது. அம்மா அழுதார், நானும் அழுதேன். மூன்று மாதம் கழித்து, வந்த தபால்களைத் தன்பதிவேட்டில் பதிந்துகொண்டிருந்த ஒரு மதியத்தில், இதற்காகவா அத்தனை ஆண்டுகள் என்று ஒரு கேள்வி எழுந்தது. வேலையில் குறை ஒன்றும் இல்லை, உடன் வேலை பார்த்தவர்களும் நல்லவர்கள். இருந்தும் என் ஏக்கம் மட்டும் திசை மாறி, அந்த வேப்பமரத்தடியைப் பார்த்துத் திரும்பி நின்றது. எந்த இடத்திலிருந்து தப்பிக்க வேண்டும் என்று ஆறு ஆண்டுகள் தவித்தேனோ, அந்த இடத்துக்கே ஏங்குவது எனக்கு அவமானமாகக்கூட இருந்தது.

பின்னாளில் மூளை பற்றிய ஆய்வுகளை வாசித்தபோதுதான் இது என் தனிப்பட்ட நன்றிகெட்டதனம் இல்லை என்று புரிந்தது. 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்குமாறு செய்தார்கள். எலிகள் திரும்பத் திரும்ப அந்த நெம்புகோலையே அழுத்தின. இவ்வளவு விரும்பி அழுத்துகின்றன என்றால் அங்கே இன்பம் இருக்க வேண்டும் என்று உலகம் முடிவு கட்டியது. டோபமின் என்ற வேதிப்பொருள் இன்பத்தைத் தருவது என்ற பேச்சும் பிறகு அப்படித்தான் பரவியது. 1980-களின் இறுதியில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் அவருடன் பணியாற்றியவர்களும் டோபமின் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளைச் சோதித்தார்கள். அவை உணவு பக்கத்திலேயே இருந்தும் தாமாகப் போய்த் தின்னவில்லை. ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்தே செத்துவிடும் நிலை. ஆனால் இனிப்பு நீரை வாயில் விட்டால், மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிச் சுவைத்தன. சுவை போகவில்லை, போய் எடுக்க வேண்டும் என்ற உந்துதல்தான் போயிருந்தது. இந்த ஒரு சோதனையை நான் பல நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டுதல் இல்லாத சுவைத்தல் சாத்தியம் என்றால், சுவைத்தல் இல்லாத வேண்டுதலும் சாத்தியம்தானே? பார்க்கின்சன் நோய்க்காக டோபமினைப் போலச் செயல்படும் மருந்துகளை எடுத்துக்கொள்வோரில் சிலருக்கு, அதுவரை சீட்டுக்கட்டைத் தொடாதவர்களுக்கும்கூட, சூதாட்ட வெறி பிடித்துவிடுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளிடம் கண்டது இன்னும் நெருக்கமாக என்னைத் தொட்டது. குரங்குக்கு ஒரு துளி பழச்சாறு எதிர்பாராமல் கிடைக்கும்போது டோபமின் நரம்பணுக்கள் துடித்தெழுகின்றன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று அது கற்றுக்கொண்ட பிறகோ, விளக்கு எரியும்போதுதான் அந்தத் துடிப்பு. சாறு வரும்போது ஒன்றுமில்லை. எதிர்பார்த்த நேரத்தில் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் தாழ்ந்துபோகிறது. தேர்வு முடிவு வந்த அன்று நூலகமே அதிர நாங்கள் கத்தியதும், சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தியை நான்காம் மாதம் நான் திறந்துகூடப் பார்க்காததும் இதனால்தான் போலும். எலியையும் குரங்கையும் கொண்டு மனிதரின் ஏக்கத்தை முழுவதும் அளந்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடந்துபோன ஒரு மரத்தடிக்கு ஏங்க, அங்கே இருந்தவர்களின் குரலும் முகமும் நினைவில் இருக்க வேண்டும். எந்த நெம்புகோலிலும் அது இல்லை.

வேண்டுதல் வேறு, சுவைத்தல் வேறு என்பது போல ஆசையைப் பிரித்துப் பார்ப்பது நம் மொழிக்குப் புதிதும் அல்ல. தேர்வுக்காக மனப்பாடம் செய்த இலக்கணத்தில் வேணவா என்ற சொல் வரும். வேட்கை, அவா என்ற இரண்டும் சேர்ந்து அப்படி ஆவதற்குத் தொல்காப்பியம் தனியே ஒரு விதி சொல்கிறது. புணர்ச்சி விதியாக மட்டும் அதை உருப்போட்டிருந்த நான், ஒரே பொருளுடைய இரண்டு சொற்களை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்டுப் பார்க்கவில்லை. உரையாசிரியர் கேட்டிருக்கிறார். பொருளின் மேல் உள்ளம் பற்றி நிற்பது வேட்கை என்றும், அதைப் பெற்றே தீர வேண்டும் என்று மேன்மேலும் எழுவது அவா என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்று இன்னொரு நூற்பாவும் உண்டு. நம்புதல் என்ற சொல்லுக்கு அன்று விரும்புதல் என்றே பொருள். அந்த ஆறு ஆண்டுகளில், கிடைக்கும் என்று நான் நம்பியதற்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பியதற்கும் இடையில் கோடு எங்கே இருந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. வள்ளுவர் அவாவை ‘ஆரா இயற்கை’ உடையது என்கிறார். நிறையாமல் இருப்பதே அதன் இயல்பு என்றால், நிறையவில்லையே என்று உங்கள் வீட்டைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஊக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டிருந்தீர்கள். என் அக்கா மார்கழியில் நான்கு மணிக்கு எழுந்து, தெருவையே அடைத்துச் சிக்குக் கோலம் போடுபவர். ஓர் ஆண்டு குடியிருப்போர் சங்கம் கோலத்துக்குப் பரிசு அறிவித்தது. அக்காவுக்கு இரண்டு ஆண்டுகள் குக்கரும் குத்துவிளக்கும் கிடைத்தன. மூன்றாம் ஆண்டு போட்டியை நிறுத்திவிட்டார்கள். அந்த மார்கழியில் எங்கள் வாசலில் ஐந்து புள்ளிக் கோலத்துக்கு மேல் எதுவும் இல்லை. கேட்டதற்கு, “யாரு பார்க்கப் போறாங்க?” என்றார். பரிசு வருவதற்கு முன் இருபது ஆண்டுகள் யார் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடன் இன்னும் இருவரும் இதையே மழலையர் பள்ளியில் கண்டார்கள்: படம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைக்கப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரையச் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அந்தச் சேதம் இல்லை.

ஆகவே வெளிநாட்டு வேலையை எவ்வளவு தீவிரமாக வேண்டுகிறீர்கள் என்பதை வைத்து, அது எவ்வளவு பிடிக்கும் என்று கணிக்காதீர்கள். அந்தத் தீவிரம் விளக்கைப் பற்றியது, சாற்றைப் பற்றியது அன்று. அங்கே ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கழியும், யாருடன் சாப்பிடுவீர்கள், எந்த வேலையைக் கையால் செய்வீர்கள் என்று அங்கிருப்பவர்களிடம் விசாரியுங்கள். அந்த நாள் பிடித்திருந்தால் போங்கள். ஏக்கம் பிறகு வேறெங்காவது திரும்பும்; அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்த நூலகத்தில் உண்மையில் பிடித்திருந்தது எது என்பது, வேலை கிடைத்து வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அட்டை கிழிந்த அந்தப் பழைய இலக்கணக் கையேட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறேன். “இன்னும் எந்தப் பரீட்சைக்குங்க?” என்று என் மனைவி காபியை வைத்துவிட்டுப் போகிறார்.