பட்ஜெட் மிச்சப்படுத்திய 6,600 ரூபாயும் மச்சினனின் கடனும்

கேள்வி: திருப்பூரில் தனியார் நிறுவன வேலை. ஆண்டுச் சம்பளம் 12.5 லட்சம், புதிய வரிமுறை. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு வரிப் பிடித்தம் நின்றுவிட்டது. மனைவியின் தம்பி 12 பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் வொர்க் செய்கிறார். அவருக்காக இரண்டு ஆண்டு முன்பு என் பெயரில் 4 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன் (14%, 5 ஆண்டு). எட்டு மாதம் கட்டினார், அப்புறம் நான்தான் கட்டுகிறேன். இப்போது "மாமா, உங்களுக்குத்தான் வரி மிச்சமாகுதே" என்று இன்னொரு 3 லட்சம் எடுத்துத் தரச் சொல்கிறார். ஒரு கம்பெனியிலிருந்து அவருக்கு 3.4 லட்சம் வரவேண்டுமாம், நான்கு மாதமாக இழுத்தடிக்கிறார்கள். மிச்சப் பணத்தை கியாரண்டி ரிட்டர்ன் பாலிசியில் போடச் சொல்லி ஓர் ஏஜென்டும் விடாமல் அழைக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: 12 லட்சம் வரை வரி இல்லை, மாதச் சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவோடு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 12.75 லட்சம் வரை இல்லை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகக் கணக்குக்கு வருகிறேன்.

அந்த பட்ஜெட்டுக்கு முந்தைய விகிதப்படி நீங்கள் கட்டியிருக்க வேண்டிய வரி, செஸ் சேர்த்து சுமார் 79,300 ரூபாய். மாதத்துக்கு 6,600. மச்சினன் கேட்கும் 3 லட்சத்துக்கு அதே 14 சதவீதத்தில் மாதத் தவணை கிட்டத்தட்ட 6,980. பட்ஜெட் கொடுத்தது மொத்தமும் போய், மேலே 380 ரூபாய் கைக்காசு வேறு போகும்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு 5 சதவீதம் சம்பள உயர்வு வந்தால் ஆண்டுச் சம்பளம் 13.12 லட்சம் ஆகும். நிலைக்கழிவு 75,000 போக 12.37 லட்சம் மிஞ்சும். 12 லட்சத்துக்கு மேல் போகும் 37,500 ரூபாயும் அப்படியே வரியாகிவிடும், செஸ்ஸோடு 39,000. 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி கூடாமல் நிறுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு விளிம்பு நிவாரணம் என்று பெயர். இது மட்டும் இல்லாவிட்டால் 65,000க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும், அதனால் சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் 62,500 உயர்வில் கையில் நிற்பது 23,500தான். இன்றைய பூஜ்ய வரியை நம்பி 60 மாதத் தவணைக்குத் தலையாட்டினால், முதல் இன்கிரிமென்ட்டிலேயே மாதம் 3,250 வரிப் பிடித்தம் திரும்ப வந்துவிடும்.

உங்கள் பிரச்சினை வரியும் இல்லை, பாலிசியும் இல்லை. யார் கேட்டாலும் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள், அதுதான். வங்கிக்கு மச்சினனைத் தெரியாது. அவர் கட்டாமல் விட்ட மாதத்தில் நீங்களும் தவறியிருந்தால் கெட்டிருப்பது உங்கள் சிபில் ஸ்கோர்.

கணக்கை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். கம்பெனி அவருக்குத் தர வேண்டியது 3.4 லட்சம், அவர் உங்களிடம் கேட்பது 3 லட்சம். முன்பின் தெரியாத ஒரு கம்பெனி பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, அதற்கு 14 சதவீத வட்டி நீங்கள் கட்டப் போகிறீர்கள். இதற்கு உதவி என்று பெயரா?

அவர் உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) செய்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். ஆதார், பான் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. பதிவான குறுந்தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தாண்டினால், பணம் கைமாறும் வரை அந்தச் செலவைக் கம்பெனி தன் வரிக் கணக்கில் கழிக்க முடியாது. மார்ச் நெருங்கும்போது ஆடிட்டரே முதலாளியை நச்சரிப்பார். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கவும் சட்டம் இருக்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று அவர் பயப்படலாம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியென்றால் புகாருக்குப் போகாமல், பில்லில் உத்யம் எண்ணை மட்டும் அச்சடித்து அனுப்பட்டும். பதிவுக்குப் பின் போடும் பில்களுக்குத்தான் நல்ல பிடிமானம், பழைய பாக்கியைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

தொழிலுக்குக் கடன் அவசியம்தான் என்றால் அவர் பெயரில், அவர் தொழிலைக் காட்டி எடுக்கட்டும். மத்திய அரசின் முத்ரா தொழில் கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். உத்யம் பதிவு உள்ளவர்களுக்கு 5 லட்சம் வரம்புள்ள கிரெடிட் கார்டு என்று அதே பட்ஜெட்டில் சொன்னார்கள். அறிவிப்பு வங்கிக் கிளை வரை வந்து சேர்வது வேறு கதை, அதை நம்பி இப்போதே நூல் வாங்க வேண்டாம்.

ஏஜென்ட் விஷயம் சுருக்கமாக. புதிய வரிமுறையில் பிரீமியத்துக்கு 80சி கழிவு கிடையாது. வரி மிச்சம் என்று சொல்லி விற்றால் போனை வைத்துவிடுங்கள். குடும்பத்துக்கு டேர்ம் பாலிசி (உயிருக்கு மட்டுமான காப்பீடு) இல்லையென்றால் அது வேண்டும், அது தனி.

அந்த 6,600? பழைய கடனில் இன்னும் சுமார் 2.7 லட்சம் அசல் நிற்கும். தவணை 9,300ஓடு இதையும் சேர்த்துக் கட்டினால் மீதி 36 மாதம் 20 மாதத்துக்குள் முடிந்துவிடும், வட்டியில் 30,000 ரூபாய் வரை குறையும். இப்படி அசலை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும் பார்ட் பேமென்ட்டுக்கு உங்கள் வங்கி கட்டணம் பிடிக்கிறதா, எத்தனை முறை அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதாமாதம் வாங்க மறுத்தால் ஆர்டியில் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டலாம்.

வீட்டில் மனஸ்தாபம் வராதா என்று கேட்பீர்கள். வரும். கையில் இருப்பதில் 30,000, 40,000 முடிந்தால் திரும்பி வராது என்று நினைத்துக் கொடுங்கள். மனைவிக்கு இந்த இரண்டு தவணைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தம்பியிடம் உங்களைவிட அவர் பேசுவதுதான் நல்லது.