ஸ்டீயரிங் வலப்பக்கம், தேடல் எந்தப் பக்கம்?

கேள்வி: அப்பா ஓட்டிய 1983 மெர்சிடிஸ் 230இ எங்களிடம் இருக்கிறது. பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறோம். இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. உள்ளேதான் மோசம்: டாஷ்போர்டு மூன்று இடத்தில் வெடித்திருக்கிறது, ஓட்டுநர் சீட் ஒரு பக்கமாக அமுங்கிவிட்டது, கதவுகளின் உட்பக்கத்தை மூடும் கதவு அட்டைகள் அடியில் வீங்கியிருக்கின்றன, நடுக் கன்சோலின் மரம் உரிகிறது. புதிதாக எதையாவது தைத்து ஒட்டாமல் அசல் பாகங்களையே போட ஆசை. சிங்கப்பூரிலிருந்து எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: நீங்கள் சொல்லும் நான்கில் சீட்டும் கதவு அட்டையும் நேரம் கேட்கும் வேலைகள், அவ்வளவுதான். மரத்துக்குப் பொறுமை வேண்டும். உண்மையில் தேடி அலைய வேண்டியது டாஷ்போர்டுக்குத்தான், ஏனென்றால் அது வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கென்றே செய்யப்பட்ட பாகம். 1976 முதல் 1985 வரை, ஸ்டேஷன் வேகனைச் சேர்த்தால் 1986 தொடக்கம் வரை, உங்கள் 230இ சேர்ந்த இந்த 123 வரிசையில் (டபிள்யூ123 என்பதும் இதுவே) ஏறத்தாழ 2.7 மில்லியன் வண்டிகள் வந்தன. அவற்றில் பெரும்பகுதி இடப்பக்க ஸ்டீயரிங். ஆகவே இணையத்தில் 'டபிள்யூ123 டாஷ்போர்டு' என்று தேடினால் குவியும் படங்களில் பத்துக்கு எட்டு உங்களுக்கு உதவாது.

வாங்குவதற்கு முன் உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜின் அறையின் பின்சுவரில் பொறித்திருக்கும் அடிச்சட்ட எண்ணைப் பாருங்கள். அதில் வரும் 123223 என்பது 230இ செடானைக் குறிக்கும். அதற்கு அடுத்த இலக்கம் 2 என்றால் வலப்பக்க ஸ்டீயரிங், 1 என்றால் இடப்பக்கம். இந்த எண்ணைக் கொடுத்து மெர்சிடிஸ் முகவரிடம் 'டேட்டா கார்டு' கேளுங்கள். வண்டியின் நிறம், கூடுதல் வசதிகள், சீட் உறை ஆகியவற்றின் குறியீடுகள் அதில் இருக்கும். உறைக் குறியீடு மூன்று இலக்கம். முதல் இலக்கம் 0 என்றால் துணி, 1 என்றால் எம்பி-டெக்ஸ் எனப்படும் வினைல், 2 என்றால் தோல், 9 என்றால் வெல்வெட் போன்ற வெலூர். மற்ற இரண்டும் நிறம். பல வண்டிகளில் தோல் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருப்பது எம்பி-டெக்ஸ்தான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, நம் ஊர் ஈரத்துக்குத் தோலைவிட அதுவே தாங்கும். சந்தேகமிருந்தால் சீட்டின் அடியில் மடிந்திருக்கும் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் நெய்த துணி தெரிந்தால் வினைல், நார்நாராக மெத்தென்று இருந்தால் தோல்.

உங்கள் வண்டி 1983 என்பதால் கார்டு கிடைப்பதில் சிக்கல் இருக்காது. 1980க்கு முந்தைய மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல். இங்கே மெர்சிடிஸ் முகவரான சைக்கிள் அண்ட் கேரேஜ் 1965 முதல் ஹில்வியூவில் மெர்சிடிஸ் வண்டிகளை உதிரியாக இறக்கிக் கூட்டியது. அப்படிக் கூட்டிய வண்டிக்கு டேட்டா கார்டில் உட்புற விவரம் இல்லாமலே போகலாம், துணியும் கார்ப்பெட்டும் இங்கேயே வாங்கிப் போட்டதாகவும் இருக்கலாம். அந்த வண்டிக்கு 'அசல்' என்பது ஜெர்மனியில் இருந்ததல்ல, இங்கே இருந்தது. அதற்குச் சாட்சி வண்டிக்குள்ளேயே கிடக்கும். பின் சீட்டின் அடிப்பலகையைத் தூக்கி, வெயில் படாத ஓரத்தில் உறையின் உண்மை நிறத்தைப் பாருங்கள். கன்சோலுக்கு அடியில் மறைந்த கார்ப்பெட்டையும் கதவடி வாசல்தகட்டுக்குக் கீழ் மடித்த துண்டையும் பாருங்கள். ஒரு சிறு துண்டு வெட்டி உறையில் போட்டு வைத்துக்கொண்டால், நிறம் பொருத்த அதைவிட நல்ல மாதிரி கிடையாது.

அடுத்தது பாக எண். மெர்சிடிஸ் எண் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும். பின்னால் வரும் முதல் மூன்று இலக்கம் பெரும்பாலும் வண்டி வரிசை, அடுத்த மூன்றின் முதலிரண்டு பாகத்தின் பிரிவு. டாஷ்போர்டும் கன்சோலும் 68, முன்கதவு 72, பின்கதவு 73, முன் சீட் 91, பின் சீட் 92. இறுதியில் நான்கு இலக்கம் ஒட்டிக்கொண்டு வந்தால் அது நிறக் குறியீடு. அதை விட்டுவிட்டு ஆர்டர் கொடுத்தால் சரியான பாகம் தவறான நிறத்தில் வரும், திருப்பி எடுக்கமாட்டார்கள். பிளாஸ்டிக் பாகங்களின் முதுகில் எண்ணும் நட்சத்திரச் சின்னமும் அச்சிலேயே விழுந்திருக்கும். சிலவற்றில் கடிகாரம் போன்ற சிறு வட்டம் இருக்கும், நடுவில் ஆண்டும் சுற்றிலும் மாதமுமாக. விற்பவரிடம் முன்பக்கப் படத்தைவிட முதுகுப் படத்தைக் கேளுங்கள். 1979இலும் 1982இலும் இந்த வரிசையில் மாற்றங்கள் நடந்தன. உங்களுடையது கடைசிக் கட்டம். எனவே 1978 வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங் சக்கரமும் தலைசாய்ப்பும் மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும்.

இப்போது தேடல். முதலில் முகவரின் பாகக் கவுன்ட்டர். ஜெர்மனியில் ஃபெல்பாக்கில் உள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் கிளாசிக் சென்டர் பழைய வரிசைகளுக்கான பாகங்களை இன்னமும் வழங்குகிறது. கிளிப்புகள், ரப்பர் விளிம்புகள், குமிழ்கள், சீட் திணிப்பு போன்ற சிறியவற்றை அங்கிருந்தே புதிதாக வாங்குங்கள். பழைய கிளிப்பைக் காப்பாற்ற முயல்வது வீண், கழற்றும்போதே பாதி உடையும். கதவு ஒன்றுக்கு இரண்டு மூன்று கூடுதலாகவே எண்ணி ஆர்டர் செய்யுங்கள்.

பெரிய பாகங்களுக்கு வலப்பக்க ஸ்டீயரிங் நாடுகள்: மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் ஆலையில் இதே 123 வரிசை கூட்டப்பட்டதால் அங்கே பழைய வண்டிகள் நிறைய. ஜப்பானிய வண்டிக்காரர்களின் பழக்கத்தில் ஜப்பானைத் தேடிப் போகாதீர்கள். அங்கே அந்தக் காலத்து மெர்சிடிஸ்கள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டீயரிங். ஸ்டேஷன் வேகனின் முன்பாதி செடானைப் போலத்தான், ஆகவே டாஷ்போர்டு தேடும்போது அதையும் ஒதுக்காதீர்கள்.

சீட்டுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு தலைகீழாகி உங்களுக்கு லாபமாகும். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் வலது முன் சீட் பயணியுடையது. பல ஆண்டு யாரும் அதிகம் உட்காராத அந்த சீட் உங்கள் ஓட்டுநர் பக்கத்தில் அப்படியே அமரும், சாய்வுக் கைப்பிடியும் கதவுப் பக்கமே வரும். உயரம் மாற்றும் அமைப்பு அதில் இல்லாமல் இருக்கலாம், அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஜோகூர் பழைய பாகக் கடைகளுக்குப் போனால் டேப், டார்ச், உங்கள் பாக எண்களின் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். டாஷ்போர்டைக் கையில் வாங்கியதும் மேற்பரப்பை விரலால் மெதுவாக அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கி எழுந்தால் நல்லது. கட்டை போல் இருந்தாலோ, நறநறவென்று சத்தம் வந்தாலோ உள்ளே நுரை செத்துவிட்டது, இன்று விரிசல் இல்லாவிட்டாலும் உங்கள் வண்டியில் விழும். காற்றுத் துவார ஓரங்களையும் முன்கண்ணாடியை ஒட்டிய விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கடைக்காரர் பளபளவென்று சிலிகான் எண்ணெய் பூசி வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். திரும்பும்போது ரசீதைத் தொலைக்காதீர்கள். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 100 வெள்ளி வரையிலும், அதற்கு மேல் இருந்தவருக்கு 500 வெள்ளி வரையிலும்தான் ஜிஎஸ்டி விலக்கு. மிஞ்சியதைச் சோதனைச்சாவடிக்கு வரும் முன்பே சுங்கத்துறைச் செயலியில் அறிவித்துக் கட்டிவிடலாம்.

தூர நாட்டிலிருந்து டாஷ்போர்டு வரவழைப்பதில் பலர் சறுக்குவது பாகத்தின் விலையில் அல்ல, பெட்டியில். 150 × 60 × 45 சென்டிமீட்டர் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். விமானக் கூரியர்கள் வழக்கமாக நீள, அகல, உயரங்களைப் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வருவது 81 கிலோ. உள்ளே இருப்பது அதில் ஒரு சிறு பங்குகூட எடை இருக்காது, ஆனால் 81 கிலோவுக்குக் காசு கொடுப்பீர்கள். அதே பெட்டி கப்பலில் 0.4 கன மீட்டருக்குச் சற்று மேல். குறைந்தபட்சக் கட்டணம் பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கு என்பதால், கதவு அட்டை, கன்சோல், கார்ப்பெட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் இறக்குங்கள். 9 விழுக்காடு ஜிஎஸ்டி பாகத்தின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு.

நல்ல டாஷ்போர்டு கிடைக்கும்வரை என்ன செய்வது? மேலே ஒட்டும் பிளாஸ்டிக் மூடி விற்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வருபவை இடப்பக்க ஸ்டீயரிங்குக்கானவை, பொருந்தாது. பொருந்தினாலும் ஒட்டியதைப் பின்னால் எடுக்கும்போது அடித்தோல் கூடவே வரும், அப்புறம் அந்த டாஷ்போர்டைச் சரிசெய்ய முடியாது. அதைவிட உங்கள் பழையதையே கழற்றி, விரிசலை வெட்டித் திறந்து, வளையும் நுரை நிரப்பி, புது மேல்தோல் போர்த்தச் சொல்வது நேர்மையான வேலை. வெறும் எபாக்ஸி என்ற இறுகும் பசையை நிரப்பிப் பெயின்ட் அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். வெயிலில் மேல்தோல் விரியும், எபாக்ஸி விரியாது, பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. மீட்டர் தொகுதி திருகில் நிற்பதில்லை, ரப்பர் பிடியில் நிற்கிறது, அதனால் உங்களை நோக்கி இழுக்கச் சொல்வார்கள். பின்னால் வேகமானியின் கேபிளும், எண்ணெய் அழுத்தமானிக்கு இன்ஜினிலிருந்தே வரும் மெல்லிய குழாயும் இருக்கின்றன. அவசரத்தில் இழுத்தால் குழாய் ஒடியும், அடுத்த முறை இன்ஜின் ஓடும்போது சூடான எண்ணெய் உங்கள் புதுக் கார்ப்பெட்டில் கொட்டும். சில சென்டிமீட்டர் வெளியே வந்ததும் நிறுத்தி, இரண்டையும் கழற்றிவிட்டு இழுங்கள்.

சீட்டின் கதை நமக்குப் பழக்கமான பொருள். உள்ளே இருப்பது வெறும் நுரையல்ல. எஃகுச் சுருள்களின் மேல் ரப்பர் பூசிய நார்த் திணிப்பு, தென்னைநார் மெத்தைக்குச் சொந்தக்காரன் என்றே சொல்லலாம். ரப்பர் காய்ந்து உதிர்ந்தால் நார் பொடியாகித் தரையில் கொட்டும். ஓட்டுநர் ஏறி இறங்கும் கதவுப் பக்க ஓரம்தான் முதலில் போகும், உங்கள் சீட் ஒரு பக்கம் சாய்வது அதனால்தான். கம்பி ஒன்று அறுந்திருக்கவும் கூடும். உறையைப் பிரித்து, சுருளின் துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, சாக்குத்துணி விரித்து, புதுத் திணிப்பை வைத்து, பழைய உறையையே திரும்பப் போடுங்கள். எம்பி-டெக்ஸ் உறை கிழியாத வரை மாற்ற வேண்டியதில்லை. காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ உறைக்கடையில் 'நுரை வெட்டி வைத்துவிடுகிறேன், நாளைக்கே தருகிறேன்' என்பார்கள். நுரை வெட்டினால் சீட் உயரும், உறை வரிகள் இழுபடும், சில மாதத்தில் மறுபடி குழியும். உறையையும் மாற்றியே ஆக வேண்டுமென்றால், தேவையான துணி முழுவதையும் ஒரே சுருளிலிருந்து வாங்குங்கள். பின்னால் இரண்டு மீட்டர் குறைந்து போய் வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும்.

கதவு அட்டை வீங்குவது அட்டையின் குற்றமல்ல. கதவுக்குள் இறங்கும் மழைநீரை அட்டையில் படாமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும். முன்பு யாரோ ஸ்பீக்கர் மாட்டியபோது அதைக் கிழித்திருப்பார்கள். புதுத் தாள் ஒட்டி, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் குத்தித் திறந்த பிறகே நல்ல அட்டையை மாட்டுங்கள். அட்டை வாங்கும்போது ஜன்னல் கைச்சுழற்றியா மின்விசையா என்று பாருங்கள், துளை வேறுபடும். கூடவே கார்ப்பெட்டின் அடியையும் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப்பெட்டியின் வடிகாலில் இலை அடைத்திருக்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலைக் குழாய்களையும் சந்தேகியுங்கள்.

மரம் ஸீப்ரானோ என்ற வரிமர வகை. கட்டை அல்ல, பலகைமேல் ஒட்டிய, ஒரு மில்லிமீட்டரும் வராத மெல்லிய மரத்தகடு, அதாவது வெனீர். மின் தேய்ப்பான் பட்டால் சில வினாடியில் அடிப்பலகை தெரிந்துவிடும். மேற்பூச்சை மட்டும் கையால், நுண்ணிய தாளில் நீக்கி, உரிந்த முனைகளைப் பசையிட்டுப் பலகையால் அழுத்தி வைத்து, பிறகு தெளிபூச்சை மெல்லிசாகப் பல தடவை அடிக்க வேண்டும். வேறு வண்டிக் கன்சோல் கிடைத்தாலும் பக்கத்து மரத்தின் வரிகளோடு சேராது. ஒரே வண்டியிலிருந்து கழற்றிய முழுத் தொகுதியாகக் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் உங்களுடையதையே காப்பாற்றுங்கள்.

பழையதாக வாங்கவே கூடாதது ஒன்றுண்டு: சீட் பெல்ட். பட்டையின் நூல் வெயிலில் பலமிழந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, விபத்தில் இழுபட்டதா என்றும் விற்பவர் சொல்லமாட்டார். அது மட்டும் புதிது, பொருத்தும் புள்ளிகளை மாற்றாமல்.

வேலை வரிசை இப்படி வையுங்கள்: முதலில் நீர்க்கசிவு, அதே வாரம் டேட்டா கார்டு, பிறகு டாஷ்போர்டுத் தேடல். அது மாதக்கணக்கில் இழுக்கும்போதே சீட்டையும் கதவையும் முடித்துவிடலாம். கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும் என்பதால் கழற்றிப் போட்டு வைக்க அவகாசம் இருக்கிறது. மற்ற 320 நாளும் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தாமல் வீவக பலமாடிக் கார்ப்பேட்டையின் கீழ்த்தளம் ஒன்றில் இடம் பிடியுங்கள், மாட்டப்போகும் டாஷ்போர்டும் வெடிக்காமல் இருக்கும்.