நேர்காணல் அழைப்பில் ‘கன்சர்வேட்டிவ் பிசினஸ் டிரஸ்’ என்று போட்டிருந்தால் ஆண்கள் என்ன உடுத்த வேண்டும்?

நல்ல பேன்ட், முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போதாது. கோட்டும் பேன்ட்டும் ஒரே துணியில் தைத்த சூட், கூடவே டை. இதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கோட் ஒரு நிறம், பேன்ட் ஒரு நிறம் என்றால் எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கணக்கில் வராது. வங்கி, சட்டம், தணிக்கை என்று அடுத்தவர் பணத்தையும் வழக்கையும் கையாளும் இடங்களில்தான் இன்னும் இதை எதிர்பார்க்கிறார்கள்.

நிறம் கருநீலம், இல்லையென்றால் அடர்சாம்பல். கறுப்புதானே இன்னும் கம்பீரம் என்று தோன்றும். மேற்கத்திய வழக்கத்தில் கறுப்பு சூட் துக்கத்துக்கும் இரவு விருந்துக்கும் உரியது. இப்போது பலரும் போடுகிறார்கள், யாரும் வாசலில் நிறுத்தப் போவதில்லை. ஆனாலும் ஒரே ஒரு சூட்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கருநீலம் வாங்குங்கள். சட்டை வெள்ளை, அல்லது வெளிர்நீலம். காலர் நுனியில் பட்டன் வைத்த சட்டை வேண்டாம். குதிரைமேல் போலோ ஆடுகிறவர்களுக்குக் காலர் காற்றில் படபடக்காமல் இருக்க வந்த ஏற்பாடு அது; ஒரு படி இறக்கம்தான்.

துணியைவிட அளவுதான் முக்கியம். தோள் தையல் உங்கள் தோள் முடிகிற இடத்திலேயே முடிய வேண்டும். கை நீளம், இடுப்பு எல்லாம் டெய்லர் சரிசெய்துவிடுவார். தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை. கையைத் தொங்கவிட்டால் சட்டையின் கஃப், அதாவது மணிக்கட்டுப் பட்டி, கோட்டுக்கு வெளியே 1 செ.மீ. அளவுக்குத் தெரியலாம். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்கட்டும். கோட்டின் கடைசி பட்டனைப் போடாதீர்கள். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் தொப்பையால் வந்த வழக்கம் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கோட்டே அதைத் திறந்துவிடுகிற மாதிரிதான் வெட்டப்படுகிறது.

இப்போது என் கூத்து. புது கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போல நூல் ஓட்டியிருப்பார்கள். விற்கும்வரை மடிப்பு கலையாமல் இருக்க. அதை வெட்டி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முதல் நேர்காணல் முழுக்க அந்த வெள்ளை நூலோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது லிஃப்டில் ஒரு பெரியவர் காதோடு சொன்னார், “தம்பி, அதை வீட்டுக்குப் போய் வெட்டிடுங்க.” வேலை கிடைக்கவில்லை, பழியை நூல்மேல் போட மாட்டேன், கேட்ட கேள்விகளுக்கு நான் உளறியது அப்படி. கோட் கையில் கம்பெனி பெயர்த் துணி தைத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

ஷூ கறுப்பு, லேஸ் கட்டுவது, பெல்ட்டும் கறுப்பு. சாக்ஸ் கெண்டைக்கால்வரை வர வேண்டும், கால்மேல் கால் போட்டால் தோல் தெரியக் கூடாது. தாடி இருக்கலாம், ஓரம் ஒழுங்காக இருந்தால் சரி. சென்ட் மட்டும் அடிக்காதீர்கள். பெரும்பாலும் சின்ன அறை, ஜன்னலும் திறக்காது.