கூகுளின் இணையதள வேகச் சோதனையான பேஜ்ஸ்பீடில் என் தளத்துக்கு 94 மதிப்பெண் வருகிறது. ஆனால் வாடிக்கையாளர்கள் "உங்க சைட் திறக்கவே மாட்டேங்குது" என்கிறார்கள். எதை நம்புவது?

வாடிக்கையாளர்களை நம்புங்கள். அந்த 94 பொய்யில்லை. ஆனால் அது உங்கள் வாடிக்கையாளர் யாருடைய போனிலும் எடுத்த அளவு இல்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு சிறு கடைகளுக்கும் ஏற்காட்டு விடுதிகளுக்கும் இணையதளம் செய்து தருவது என் தொழில். காபித் தோட்டத்துக்குள் நாலே அறை உள்ள ஒரு ஹோம்ஸ்டேவுக்குத் தளம் முடித்துக் கொடுத்த மறுவாரம் அந்த அம்மா போன் செய்தார். "தம்பி, கீழ இருக்கிற வரைக்கும் நல்லா வருதாம். பஸ் மலை ஏறிட்டா ரூம் போடுற பக்கம் வரவே மாட்டேங்குதுன்னு ஆளுங்க சொல்றாங்கப்பா." ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து, பேஜ்ஸ்பீடில் மதிப்பெண் போடும் கருவியான லைட்ஹவுஸை ஓட்டிப் பார்த்தேன், 90க்கு மேல் வந்தது. "இங்க நல்லாத்தாங்கம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

லைட்ஹவுஸ் மொபைல் சோதனையில் வருவது ஒரே ஒரு கற்பனை போன். விநாடிக்கு 1.6 மெகாபிட் வேகம், 150 மில்லிவிநாடி தாமதம், நான்கில் ஒரு பங்காகக் குறைத்த சி.பி.யு. வேகம் என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை பக்கத்தை ஏற்றிக் கணக்குப் போடும். பக்கம் ஏறியதும் அதன் வேலை முடிந்தது. கீழே உருட்டிப் பார்க்காது, எந்தப் பொத்தானையும் தொடாது.

அடுத்த சனிக்கிழமை, 3 ஜிபி ராம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறினேன். கோரிமேடு, அடிவாரம் வரை குறையில்லை. அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு திரும்பத் திரும்ப சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. முகப்பில் நான் ஆசையாகப் போட்டிருந்த பனிமூட்டப் படம் பட்டை பட்டையாக இறங்கியது. அறைகள் பக்கத்தில் கீழே உருட்டி "பதிவு செய்க" பொத்தானைத் தொடப் போகும் நேரத்தில், மேலே ஓர் அறையின் படம் தாமதமாக வந்து விழுந்து பொத்தானைக் கீழே தள்ளியது. விரல் பட்டது வேறு ஓர் இணைப்பில். திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. படங்களுக்கு அகல உயரம் குறிப்பிடாமல் விட்டிருந்தேன். ஃபைபரில் படம் கண்ணில் படும் முன்பே இறங்கிவிடுவதால் இது எனக்குத் தெரிந்ததே இல்லை. சோதனைக் கருவியோ உருட்டவே இல்லை.

ஆனால் வாரா வாரம் பஸ் ஏறிக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் உண்மைப் பயனர் தரவு.

நீங்கள் ஏற்கெனவே பார்க்கும் பேஜ்ஸ்பீடு பக்கத்திலேயே, மதிப்பெண் வட்டத்துக்கு மேலே ஒரு பகுதி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். கூகுள் 2017 முதல் வெளியிடும் குரோம் பயனர் அனுபவ அறிக்கையிலிருந்து வரும் எண்கள் அவை. கடந்த 28 நாட்களில் உங்கள் தளத்துக்கு வந்த உண்மையான ஆட்களிடம் குரோம் அளந்தது. ஐபோன் குரோம் இதில் சேராது. 28 நாள் கணக்கு என்பதால், இன்று திருத்தியதன் பலன் முழுதாகத் தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மறுநாளே எண் மாறவில்லை என்று திருத்தத்தைக் கழற்றிவிடாதீர்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று. பக்கத்தின் முக்கியப் பகுதி தெரிய எடுக்கும் நேரமான எல்.சி.பி. 2.5 விநாடிக்குள்ளும், தொட்டால் திரை அசைய ஆகும் நேரமான ஐ.என்.பி. 200 மில்லிவிநாடிக்குள்ளும், பக்கம் குதிக்கும் அளவான சி.எல்.எஸ். 0.1க்குள்ளும் இருக்க வேண்டும். ஐ.என்.பி. 2024 மார்ச்சில்தான், முதல் தொடுதலின் தாமதத்தை மட்டும் பார்த்த பழைய எஃப்.ஐ.டி. அளவுக்குப் பதிலாக வந்தது. ஆளே தொடாத சோதனையில் இதை அளக்க வழியில்லை. மூன்றையும் 75ஆவது சதமானத்தில் பார்க்கிறார்கள். அதாவது நூறு வருகைகளை வேகமானதிலிருந்து வரிசையாக நிறுத்தினால் 75ஆவது ஆளுக்கு எப்படி இருந்தது என்று. சராசரியை நம்பாதீர்கள். ஃபைபரில் பார்க்கும் நாலு பேர், மலையில் திணறும் ஒருவரை அதில் மறைத்துவிடுவார்கள்.

உங்கள் தளத்துக்குக் கூட்டம் குறைவு என்றால் அந்தப் பகுதி காலியாக இருக்கும். ஹோம்ஸ்டே தளத்துக்கு அப்படித்தான் இருந்தது. அப்போது நாமே அளக்க வேண்டும். கூகுள் இலவசமாகத் தரும் வெப் வைட்டல்ஸ் என்ற சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை (ஆயத்த நிரலை) தளத்தில் சேர்த்தால் மூன்று அளவும் கிடைக்கும். காரணமும் சேர்த்துச் சொல்லும் பதிப்பையே எடுங்கள். எந்தப் படம் தாமதம், எது குதித்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பயனர் பக்கத்தை மூடும்போதோ வேறு ஆப்புக்குப் போகும்போதோ, பக்கம் மூடினாலும் தகவலை அனுப்பிவிடும் பிரவுசர் வசதியான சென்ட்பீக்கன் வழியாக, அந்த அளவுகளை உங்கள் சர்வருக்கு ஒரு வரியாக அனுப்பினால் போதும். கூடவே எந்தப் பக்கம், போனா கணினியா, இணைப்பு எந்த வகை என்பதை வையுங்கள். இணைப்பு வகையை குரோம் சொல்லும், சஃபாரி சொல்லாது. பெயர், போன் நம்பர் எதையும் இதில் சேர்க்காதீர்கள். தேவையும் இல்லை, 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

மொத்த எண்ணோடு நிறுத்திவிடாமல் பிரித்துப் பாருங்கள். எனக்கு மொத்தத்தில் சுமாராகத் தெரிந்த எல்.சி.பி., மெதுவான இணைப்புகளை மட்டும் தனியே எடுத்தபோது இரண்டரை விநாடியை எங்கோ தாண்டி நின்றது. காரணம் அந்தப் பனிமூட்டப் படம்தான். அதைச் சிறிதாக்கி, குறைந்த அளவில் அடங்கும் வெப்பி (WebP) பட வடிவத்துக்கு மாற்றினேன், அறைப் படங்களுக்கு அகல உயரம் கொடுத்தேன், தேதி தேர்வு செய்யும் கனத்த நாட்காட்டியை எடுத்துவிட்டு பிரவுசரிலேயே உள்ளதை வைத்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததை முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் என் எண்கள் மோசமாயின. திருத்தம் தவறோ என்று பயந்துபோய்த் தேடினேன். அளக்கும் நிரல் இறங்கும் முன்பே சலித்து மூடிவிட்டுப் போனவர்கள் என் கணக்கில் அதுவரை வரவே இல்லை. பக்கம் லேசானதும் அவர்களும் உள்ளே வந்தார்கள், அவர்களின் மெதுவான நேரமும் சேர்ந்து வந்தது. சிக்னல் அறவே போன வளைவில் மூடிய பக்கம் சென்ட்பீக்கனில் அனுப்பிய வரியும் வந்து சேராது. அதனால் அளவுகளை போனிலேயே சேமித்து, அடுத்த தடவை அந்த ஆள் வரும்போது அனுப்பும்படி மாற்றினேன்.

இப்போது திங்கள்கிழமை காலையில் நான் முதலில் பார்ப்பது விநாடிகளை அல்ல, மெதுவான இணைப்பிலிருந்து எத்தனை வரிகள் வந்திருக்கின்றன என்பதை. அது குறைந்திருந்தால், எல்.சி.பி. எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த அம்மாவுக்கு போன் போட்டு, பஸ்ஸில் வந்த விருந்தாளிகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிடுகிறேன்.