தடை உத்தரவை மீறிச் சுவர் எழுப்பினால் என்ன செய்யலாம்?

கேள்வி: பாதையை அடைத்துக் கட்டக் கூடாது என்று முன்சீப் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் ராவோடு ராவாகச் சுவரை எழுப்பிவிட்டார். வழக்கிலோ வாய்தா மேல் வாய்தா. அவமதிப்பு வழக்குப் போடலாமா?

பதில்: அவமதிப்பு வழக்கு என்று உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம்; 'உள்ளூரிலேயே வழி இருக்கிறதே' என்று அங்கே பெரும்பாலும் கேட்பார்கள். தடை கொடுத்த அதே கோர்ட்டில், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39, விதி 2ஏ-யின் கீழ் மனுப் போடுங்கள். மீறல் நிரூபணமானால் அவர் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். ஜப்தி ஓராண்டுதான் நிற்கும்; அதற்குப் பிறகும் அவர் அடங்காவிட்டால் சொத்தை விற்று உங்களுக்கு இழப்பீடு தரலாம்.

சிறைக்கு அனுப்பும் விஷயம் என்பதால் நிரூபணம் கறாராக இருக்க வேண்டும். சுவர் கட்டிய அன்று தடை உயிரோடு இருந்ததா என்பதை முதலில் பாருங்கள். 'அடுத்த வாய்தா வரை' என்று கொடுத்த தடையை அந்தத் தேதியில் நீட்டித்ததாகக் குறிப்பு இல்லையென்றால் மனு அங்கேயே படுத்துவிடும். அடுத்து, உத்தரவு அவருக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம்: பதிவுத் தபால் ஒப்புகை அட்டை, கோர்ட் சம்மன் சார்வு (அவரிடம் சம்மன் சேர்ந்ததற்கான பதிவு). தடையை நீக்கக் கோரி அவரே மனுப் போட்டிருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சுவர் நிற்கும் இடம் உங்கள் சொத்து விவரத்தின் நான்கெல்லைக்குள் வருகிறதா என்று அளந்து சொல்ல அட்வகேட் கமிஷனரையும் (கோர்ட் நியமித்து அனுப்பும் வக்கீல்) கேளுங்கள். செல்போன் படங்களுக்கு 2023 சாட்சியச் சட்டம் பிரிவு 63-இன் சான்றிதழ் வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

சுவரை எடுக்கச் சொல்லி உரிமையியல் நடைமுறைச் சட்டம் 151-ஆம் பிரிவில் தனி மனுவும் போடுங்கள். தடையை மீறிச் செய்ததைப் பழையபடி ஆக்க கோர்ட்டுக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 1975-லேயே சொல்லிவிட்டது. ஆத்திரத்தில் நீங்களே கடப்பாரை எடுத்தால் போலீஸ் கேஸ் உங்கள் மேல் திரும்பும், சாட்சியமும் போகும்.

இனி வாய்தா. வழக்குக்கு எதிர்த்தரப்பு எழுதித் தரும் பதிலுரைக்கு 30 நாள், அதிகபட்சம் 90 நாள் என்று சட்டம் சொன்னாலும், சாதாரண வழக்குகளில் அது கட்டாயக் கெடு அல்ல என்பது 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி உட்காராமல், அவர் வாய்தா கேட்கும்போதெல்லாம் அதே சட்டத்தின் 35பி பிரிவில் செலவுத்தொகை கேளுங்கள். கட்டளை 17-இன்படி விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்பதையும் நினைவூட்டலாம். 35பி-யில் விதித்த தொகையை அடுத்த வாய்தாவில் கட்டாவிட்டால் அவர் எதிர்வாதத்தைத் தொடர முடியாது. அதனால் வெறுமனே 'செலவுத்தொகை' என்று எழுதிவிடாமல், உத்தரவில் அந்தப் பிரிவின் பெயரே இருக்கும்படி உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் வாய்தா கேட்காதீர்கள்: தடையை வைத்துக்கொண்டு வழக்கை இழுக்கிறார் என்று சொல்லி அதை நீக்கக் கேட்க அவருக்கு அது போதும்.